கட்டுப்பாடு: ஒரு சொல்லும் அதன் முடிச்சும்

‘கட்டுப்பாடு’ என்பது ‘கட்டுப்படு’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். ‘கெடு’ கேடு ஆவதுபோல், ‘பெறு’ பேறு ஆவதுபோல், ‘படு’ முதல் நீண்டு ‘பாடு’ ஆகிறது. இலக்கணத்தார் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். இதே வார்ப்பில் அமைந்த இன்னொரு சொல் ‘உடன்பாடு’. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உடன்பாட்டில் இசைவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; உடன்படாத ஒருவரின் உடன்பாடு என்று ஒன்று இல்லை. கட்டுப்பாட்டில் கட்டுப்பட்டவர் மட்டுமே தெரிகிறார். கட்டியவர் அவரேயா, பிறரா என்பதைச் சொல் சொல்லாமல் விடுகிறது. சட்டம் என்பது மக்கள் தாமே செய்துகொள்ளும் ஒப்பந்தமாக இருக்க முடியுமா, மேலிருந்து சுமத்தப்படுவது மட்டுந்தானா என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

‘சட்டம்’ என்ற சொல்லுக்கு இந்த இரட்டை நிலை இல்லை. கதவுக்கும் படத்துக்கும் போடும் மரச்சட்டமும் அதே சொல்தான். சட்டம் வெளியிலிருந்து சூழ்ந்து நிற்பது. கட்டு முடிச்சிட்டு இறுக்குவது. ‘கட்டு’ என்பதன் கிளையாகக் கருதப்படும் ‘கட்டளை’யிலும் இரு பொருள் உண்டு. அரசன் இட்டால் அது ஆணை. கோயில் பூசைக்கென ஒருவர் விரும்பி எழுதிவைக்கும் அறக்கொடையும் கட்டளைதான்.

பழங்கல்வெட்டுகளில் ஊரார் கூடிச் செய்த விதிக்கு வழங்கிய சொல் ‘வியவஸ்தை’. நெல்லைப் பகுதியில் உள்ள மானூரின் பாண்டியர் கல்வெட்டு பொ.ஆ. 800-ஐ ஒட்டியது. சபையில் பங்கேற்கத் தகுதியானவர் யார் என்பதை அந்தச் சபையே அதில் வரையறுத்தது. ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ‘அன்று’ என்றே மறுத்து வேலையைத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டமும் வைத்தது. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் குடவோலை முறையை வகுத்ததும் சபைதான். ஆனால் அது முதலாம் பராந்தக சோழனின் ஆணைப்படி, அவனுடைய அதிகாரி உடனிருக்க நடந்தது. இசைவால் பிறந்த விதியிலும் தண்டமோ அரசாணையோ கலந்தே இருந்தது என்பதை இவ்விரு ஊர்களும் காட்டுகின்றன.

மதுரைக்கு வடக்கே திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ‘ஊர்க்கட்டுப்பாடு’ இன்றும் பேச்சு வழக்கில் உள்ள சொல். ஊர் கூடும் இடம் மந்தை. செலவைப் பங்கிடும் அலகு ‘தலைக்கட்டு’: மணமாகித் தனிக்குடும்பமான ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு; அவரிடம் வாங்குவது தலைக்கட்டு வரி. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரார் இரவில் வெளியூரில் தங்குவதில்லை. மேலூரை அடுத்த வெள்ளலூர் நாட்டில் ஏழைகாத்தம்மன் திருவிழா நாட்களில் வீடுகளில் தாளிப்பதில்லை, இறைச்சி சமைப்பதில்லை, பச்சை மரம் வெட்டுவதில்லை, கட்டட வேலையும் நடப்பதில்லை. இவற்றுக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பிரிவு எண் இல்லை.

இவ்வட்டாரத்தின் மீன்பிடித் திருவிழா இன்னும் தெளிவான சான்று. கண்மாயில் நீர் இருக்கும் வரை ஊரார் யாரும் வலை போடுவதில்லை. அறுவடை முடிந்து, கோடையில் நீர் வற்றியதும் நாள் குறித்துச் சுற்றூர்களுக்குச் சொல்லி அனுப்புவர். அன்று ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் காத்திருக்கும் கூட்டம் ஊத்தா, கச்சா, வலை போன்ற மீன்பிடிக் கருவிகளுடன் ஒரே நேரத்தில் இறங்கும். விரால், கெளுத்தி, கட்லா என்று கிடைத்ததைக் குழம்பு வைப்பரே தவிர, விற்பதில்லை என்பது பல ஊர்களின் வழக்கம். துண்டு விழும்வரை காத்திருப்பதால் மீன் வளர்கிறது. ஒரே நாளில் இறங்குவதால் அசலூராருக்கும் கிடைக்கிறது. கட்டுப்பட்டதன் பயன் கட்டுப்பட்டவர் கைக்கே வருகிறது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் பயன் பறவைகளுக்குப் போகிறது. வேட்டங்குடி சரணாலயக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகள் மிரளாதிருக்க, அவ்வூரார் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயத்தை அரசு அறிவித்தது 1977இல். வெடி வேண்டாம் என்பது ஊரார் தாமே எடுத்த முடிவு.

பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே அவற்றைக் காக்கும் விதிகளை வகுப்பது பற்றி ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். விதிக்குக் கட்டுப்படுபவருக்கே அதை மாற்றுவதிலும் பங்கு இருக்கும் ஏற்பாடுகள் நீண்டநாள் நிலைக்கின்றன என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. தண்டம் தேவையில்லை என்று அவர் கூறவில்லை. முதல் தவறுக்குச் சிறிதாகவும், தொடர்ந்தால் பெரிதாகவும் அது அமைய வேண்டும் என்றார்.

அந்தப் பங்கு இல்லாத இடத்தில் ஊர்க்கட்டுப்பாடு முகம் மாறுகிறது. தண்டம், ஊர்விலக்கு, தண்ணீரையும் கடைச் சரக்கையும் மறுத்தல் ஆகியவை இணங்காதவரைப் பணியவைக்கும் கருவிகள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் 2006 வரை தேர்தல் முறையாக நடக்க முடியவில்லை. மேலூர் வட்டத்தின் மேலவளவில் அதே ஒதுக்கீட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன்வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். இவ்வூர்களில் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் எல்லோரும் இருக்கவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்தது. ‘விலைக் கட்டுப்பாடு’, ‘கட்டுப்பாட்டு அறை’, 2020 பெருந்தொற்றின்போது ‘கட்டுப்பாட்டுப் பகுதி’ ஆகிய எல்லாவற்றிலும் உணர்த்தப்படும் வினை ‘கட்டுப்படுத்து’. கட்டுபவர் அரசு, மக்கள் கட்டுண்டவர்கள். நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைகளுக்குப் பின், 1977இல், நடுவண் அரசு ‘குடும்பத் திட்டமிடல்’ என்ற பெயரையே ‘குடும்ப நலம்’ என்று மாற்றிக்கொண்டது. ஆனால் தமிழ்ப் பேச்சில் ‘குடும்பக் கட்டுப்பாடு’ நிலைத்துவிட்டது. இதற்கு எதிர்த்திசையில், அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்ற முழக்கத்தில் அதே சொல் கட்சித் தொண்டர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் ஒழுங்கைக் குறித்தது.

ஆகவே கட்டுப்பாடு ஒப்பந்தமா, வன்முறையா என்பதைச் சொல்லை வைத்து முடிவுசெய்ய இயலாது. தண்டம் இருப்பதாலேயே அது வன்முறை ஆகிவிடாது. மானூர்ச் சபையிலும் தண்டம் இருந்தது. ஊர் கூடி முடிவெடுத்ததாலேயே ஒப்பந்தமும் ஆகிவிடாது. மந்தையில் யாருக்கு இடம் இருந்தது, மறுத்தவர் அதே ஊரில் அச்சமின்றி வாழ முடிந்ததா, முடிச்சை அவிழ்க்கும் உரிமை கட்டுப்பட்டவருக்கு உண்டா என்ற மூன்றும் தெரிந்தால்தான், குறிப்பிட்ட ஒரு கட்டுப்பாடு உடன்பாட்டின் பக்கம் நிற்கிறதா, கட்டாயத்தின் பக்கம் நிற்கிறதா என்று கூற முடியும்.