பூட்டும் தலைக்கவசமும்

வாகனங்களைக் களவினின்று காக்கும் உபாயங்களின் சரித்திரத்தில், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனியின் அத்தியாயம் விசேஷமான போதனை நிறைந்தது. 1950-இல் உற்பத்தி தொடங்கிய வோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்து, வெஸ்ட்ஃபாலியா தொழிற்சாலையார் மறு வருஷமே அதை நடமாடும் வீடாக மாற்றிக் கொடுக்கத் தலைப்பட்டபோது, ஒரு குடும்பத்தின் விடுமுறையும் உடைமைகளும் ஒருசேரத் திருடனுடைய கைக்கெட்டும் தூரத்தில் தெருவோரம் நிற்கலாயின.

அந்நாட்டு அரசாங்கம் 1960-களின் தொடக்கத்தில், ஸ்டியரிங் தண்டை அசையாமல் பிடித்து நிறுத்தும் பூட்டு புதிய கார்களுக்கு மட்டுமன்றி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கும் அவசியம் என்று விதித்ததால், கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது. 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் அப்பூட்டை வைத்த பிரிட்டனிலோ, திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களை நாடினர். ஆகவே எளியவரின் வண்டியே பலியாயிற்று.

மோட்டார் சைக்கிளின் கதை இன்னும் ஆச்சரியமானது. தலைக்கவசம் அணியாதவருக்கு உடனடி அபராதம் என்று 1980-இல் மேற்கு ஜெர்மனி விதித்ததன் நோக்கம் உயிர்ப் பாதுகாப்பு ஒன்றே. ஆயினும், தற்செயலாகக் கண்ணில் பட்ட வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவன் கையில் கவசம் இராதாகையால், வெறுந்தலையே அவனைப் போலீஸாருக்குக் காட்டிக்கொடுத்தது. அவ்வாண்டில் ஏறக்குறைய 1,53,000 ஆக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள் 1986-க்குள் சுமார் 54,000 ஆகச் சுருங்கின. களவுக்குச் சந்தர்ப்பத்தை மறுப்பதும், அந்தப் பாதுகாப்பைப் பழைய வண்டிக்காரருக்கும் சமமாக வழங்குவதும் நீதியுள்ள ராஜ்யத்தின் கடமை என்பதை இவ்வரலாறு நிரூபிக்கிறது.