வெப்ஸ்டர் கவுண்டியின் தட்பவெப்பம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் தென் எல்லையில், கான்சஸை ஒட்டிக் கிடக்கும் வேளாண் வட்டாரம் வெப்ஸ்டர் கவுண்டி. தலைமையூர் ரெட் கிளவுட். ரிபப்ளிகன் ஆறு இதன் தென்பகுதியில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. கடல் எட்டாத் தொலைவில் இருப்பதால் குளிரும் வெயிலும் தணிவின்றி வரும். ஜனவரி இரவுகளில் நிலம் உறையும். ஜூலைப் பகல்கள் 32 பாகை செல்சியஸை எளிதில் தொடும். ஆண்டு மழை சுமார் 25 அங்குலம். அதில் பெரும்பங்கு ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில், மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று வரும்போது, இடிமழையாகக் கொட்டிவிடும். கூடவே ஆலங்கட்டியும் சுழற்காற்றும் உண்டு. ஆனால் இந்த மழைச் சராசரியை நம்பி விதைத்தவர்கள் அடிக்கடி ஏமாந்திருக்கிறார்கள்.

1870-களின் தொடக்கத்தில் சைலஸ் கார்பர் போன்ற முன்னோடிகள் இங்கே குடியேறினர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி, புல்வெளியை உழுதால் மண் ஈரம் பிடித்து மழை பெருகும் என்று போதித்துவந்தார். எழுத்தாளர் சார்லஸ் டானா வில்பர் 1881-இல் அதை ஏரின் பின்னால் மழை வரும் என்ற முழக்கமாக்கினார். நிலம் விற்கும் ரயில் நிறுவனங்களுக்கு இதைவிட இனிக்கும் விஞ்ஞானம் ஏது? நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே மாறாகச் சொல்லியிருந்தார்: 20 அங்குலத்துக்குக் கீழே மழை பெறும் நிலத்தில் பாசனமின்றி வேளாண்மை நிலைக்காது, 20 முதல் 28 அங்குலம் வரை பெறும் பகுதியையும் வறட்சி அடிக்கடி வாட்டும். வெப்ஸ்டர் அந்த இரண்டாம் பட்டைக்குள் வருகிறது.

1874-இல் வெட்டுக்கிளிகள் சமவெளிப் பயிர்களை மொட்டையடித்தன. 1888 ஜனவரி 12 அன்று இதமாக விடிந்த பொழுது திடீரெனப் பனிப்புயலாக மாற, பள்ளியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகள் பலர் சமவெளியெங்கும் மடிந்தனர். 1883-இல் சிறுமியாக இங்கு வந்த வில்லா கேத்தரின் ‘மை ஆன்டொனியா’ நாவலில் இந்த மண்ணின் குளிர்காலம் ஒரு பாத்திரம் போலவே நடமாடுகிறது. 1894-இன் வறட்சியோடு மழை முழக்கத்தின் மதிப்பும் போனது.

1930-கள்தான் மிகக் கொடியவை. புழுதி பறந்த வறட்சியின் நடுவே, 1935 மே 31 தொடங்கி ரிபப்ளிகன் ஆறு பெருகி, பள்ளத்தாக்கு நெடுக ஏறத்தாழ நூறு பேரைப் பலிகொண்டது. மேற்கே கொலராடோவில் பெய்த மழையும் அந்த வெள்ளத்தில் சேர்ந்திருந்தது. உள்ளூர் வானத்தைப் பார்த்து அதை யாரும் கணித்திருக்க முடியாது. மறு ஆண்டு ஜூலை 24 அன்று, வடமேற்கே உள்ள மிண்டனில் 118 பாகை ஃபாரன்ஹீட் பதிவானது. நெப்ராஸ்காவின் உச்ச வெப்பம் இன்றும் அதுவே.

வெள்ளத்தைத் தடுக்க, ஆற்றின் மேற்பகுதியில் ஹார்லன் கவுண்டி அணை 1952-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பிறகு இங்கே பெரும் சர்ச்சை நீர்ப் பங்கீட்டைப் பற்றியதுதான். கொலராடோ, நெப்ராஸ்கா, கான்சஸ் மாநிலங்கள் 1943-இல் செய்துகொண்ட உடன்படிக்கையை நெப்ராஸ்கா மீறி அதிக நீர் எடுத்ததற்காக, கான்சஸுக்கு 55 லட்சம் டாலர் தரும்படி 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கான்சஸின் வாய்க்காலுக்கு நீர் பிரிவது இந்தக் கவுண்டியில், கைடு ராக் ஊருக்கருகே உள்ள தடுப்பணையில்.