குளியலறை வடிகால் அடைப்பு

குளியலறை வடிகால் அடைப்பு என்பது குளியலறைத் தரையிலிருந்து கழிவுநீரை வெளியேற்றும் குழாயில் முடி, சோப்புக் கசடு முதலியன படிந்து நீரோட்டம் தடைப்படுவதாகும். நீர் முற்றிலும் நின்றுவிடுவதை விட, மெதுவாக வடியும் பகுதி அடைப்பே வீடுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. தாம்பரம், காட்டாங்குளத்தூர் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில், பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீர் வீட்டு வளாகத்திலுள்ள தொட்டிக்கோ உறிஞ்சுகுழிக்கோ செல்கிறது. எனவே அடைப்பு குழாயில் உள்ளதா, தொட்டியில் உள்ளதா என்று முதலில் அறிதல் வேண்டும்.

அமைப்பு

தரையிலுள்ள ஜாலிக்குக் கீழே கிண்ணம் போன்ற பொறி ஒன்று அமைந்திருக்கும். இதனைக் குழாய்ப் பணியாளர்கள் 'நானி டிராப்' என்பர். இதில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், குழாயின் துர்நாற்றமும் கரப்பான் பூச்சிகளும் அறைக்குள் வராமல் தடுக்கிறது. சிலவகைப் பொறிகளில் கவிழ்த்த மூடி ஒன்று உள்ளே இருக்கும். நீர் விரைந்து வடியும் என எண்ணிச் சிலர் அதனைக் கழற்றி எறிந்துவிடுவதுண்டு. பின்னர் நாற்றத்துக்குக் காரணம் தேடுவர்.

காரணங்கள்

உதிர்ந்த முடி வலைபோல் பின்னிக்கொண்டு பிற பொருட்களைப் பிடித்து நிறுத்துகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருப்பின், அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் வினைபுரிந்து நீரில் கரையாத வெண்ணிறக் கசடாகின்றன. எண்ணெய்க் குளியலில் சேரும் எண்ணெயும் சீயக்காய்த் தூளும் இக்கசடுடன் கலந்து இறுகும். ஷாம்பு உறையின் கிழித்த முனை, கட்டுமானத்தின்போது விழுந்த சிமெந்துத் துண்டு ஆகியனவும் பொறியில் சிக்குவதுண்டு.

நீக்கும் முறை

பெரும்பாலான அடைப்புகள் பொறியிலோ அதனை அடுத்த வளைவிலோ இருப்பதால், கையுறை அணிந்து ஜாலியைக் கழற்றி, கொக்கிபோல் வளைத்த கம்பியால் முடியை வெளியே இழுத்தெடுப்பதே போதுமானது. கசடை உள்ளே தள்ளுதல் கூடாது. அது எட்டாத இடத்தில் மீண்டும் அடைக்கும். அடுத்ததாக, ஜாலிக்கு மேல் சிறிது நீர் நிற்கச் செய்து இரப்பர்க் கிண்ணக் கருவியால் அழுத்தி இழுக்கலாம். அப்போது அதே குழாயில் சேரும் கைகழுவும் தொட்டியின் துளையை ஈரத்துணியால் அடைத்தல் வேண்டும். இல்லையெனில் அழுத்தம் அவ்வழியே வீணாகும். கொதிநீர் பி.வி.சி. குழாயை இளகச் செய்யும் என்பதால் வெந்நீரே தகும்.

வேதிப்பொருட்கள்

கடைகளில் விற்கப்படும் அடைப்புநீக்கித் தூள்களில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ளது. இது கொழுப்பைச் சோப்பாக்கி, முடியின் புரதத்தைச் சிதைக்கும். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். ஆசிட் எனப்படும் ஐதரோகுளோரிக் காடி முடியைக் கரைப்பதில்லை. சிமெந்துப் பூச்சையே அரிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தானது. ஒன்று பயனளிக்காதபோது மற்றொன்றை ஊற்றும் பழக்கமே இத்தகைய விபத்துக்கு வழிவகுக்கிறது. சமையல் சோடாவும் வினிகரும் நுரைக்கும். ஆனால் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடுவதால் முடி அடைப்பில் பயன் மிகக் குறைவு.

தொட்டி நிரம்புதல்

ஒரே நேரத்தில் பல வடிகால்கள் மந்தமானாலோ, கழிப்பறையில் நீர் ஊற்றும்போது குளியலறையில் குமிழிகள் எழுந்தாலோ, குறை வெளிக்குழாயிலோ தொட்டியிலோ உள்ளது எனக் கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடிநீர் உயரும்போது உறிஞ்சுகுழி நீரை ஏற்காது. அப்போது கம்பியால் பயனில்லை.

தொட்டியினுள் ஐதரசன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் சேர்வதோடு உயிர்வளியும் குறைந்திருக்கும். பாதுகாப்பு ஏற்பாடுகளின்றி ஒருவரை அதில் இறக்குவது 2013 ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டப்படி குற்றமாகும். முதற்குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும். இத்தகைய இறப்புகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014 இல் ஆணையிட்ட இந்திய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டியைக் கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கொண்டே காலி செய்தல் வேண்டும்.