திருத்தணி வெயிலில் ஒரு பொன் துஜா

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் எந்த நர்சரியில் வண்டியை நிறுத்தினாலும் இந்தச் செடி கண்ணில் படும். கறுப்பு பாலிதீன் பையில், கோயில் தீபம் போலக் கூம்பாக நிமிர்ந்து நிற்கும். இலை என்று தனியாக எதுவும் தெரியாது. தட்டையான விசிறிகளைச் செங்குத்தாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். விசிறிகளின் நுனி மட்டும் மஞ்சளாகவோ வெள்ளைத் திட்டாகவோ இருந்தால் விலை கூடும். கடைக்காரர் "துஜா" என்பார். நிறம் கலந்ததென்றால் "வேரிகேட்டட் துஜா". திருத்தணியில் பல வீட்டு வாசலில் இது உண்டு. இது எங்கிருந்து வந்தது, இந்த வெயிலில் எப்படிப் பிழைக்கிறது என்று தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் துஜா ஓரியண்டாலிஸ். பிற்காலத் தாவரவியலாளர்கள் இதன் காயையும் விதையையும் பார்த்துவிட்டு, அமெரிக்கத் துஜாக்களோடு இது சேராது என்று பிரித்தார்கள். இன்றைய பெயர் பிளாட்டிகிளாடஸ் ஓரியண்டாலிஸ். நர்சரிக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை! வடக்கே இதை மோர்பங்கி, அதாவது மயிலிறகு என்கிறார்கள். படிப்பு வரும் என்று நம்பி, பிள்ளைகள் இதன் கிளையைப் புத்தகத்துக்குள் வைப்பார்களாம். நம்ம பக்கம் அதே வயதில் நிஜ மயிலிறகையே வைத்து, குட்டி போடுமா என்று தினமும் திறந்து பார்த்தவர்கள் நாம்.

இதன் சொந்த ஊர் சீனாவும் கொரியாவும் அதை ஒட்டிய பகுதிகளும். சீனாவில் கோயில் வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நட்டு வளர்த்த மரம் இது. பெய்ஜிங்கின் நகர மரங்கள் இரண்டில் இதுவும் ஒன்று. அங்கே கோயில் முற்றங்களில் பல நூறு வயதுள்ள மரங்கள் இன்றும் நிற்கின்றன. நம் வாசலில் இடுப்பளவு நிற்பது அந்த வம்சம்தான்.

நிறக் கலப்பின் கதை ஜப்பானில் சூடு பிடிக்கிறது. அங்கே எடோ காலத்தில் வெள்ளை, மஞ்சள் திட்டு விழுந்த செடிகளைத் தேடிப்பிடித்து வளர்ப்பது பெரிய மோகமாக இருந்தது. 1827-லும் 1829-லும் இத்தகைய விநோதச் செடிகளுக்கென்றே படங்களோடு நூல்கள் அச்சாகின. 1860-ல் அங்கே போன ராபர்ட் ஃபார்ச்சூன், இந்த நிறக் கலப்புச் செடிகளைக் கண்டு வியந்து, பலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார். சீனத் தேயிலைச் செடிகளை இமயமலைக்குக் கொண்டுவந்தாரே, அதே ஃபார்ச்சூன்தான். கப்பலில் உப்புக்காற்று படாமல் செடிகளைக் காத்தது வார்டியன் பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டி. விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்கு இந்தச் செடிகள் மேல் ஒரு பைத்தியமே பிடித்தது.

அந்த ரசனை வெள்ளைக்காரர்களோடு இங்கேயும் வந்தது. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-ல் தொடங்கியது. 1848-ல் ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்க வந்த மெக்ஐவர், கியூ தோட்டத்தில் பயின்றவர். ஊசியிலை மரங்களுக்கு நீலகிரிக் குளிர் சரிப்பட்டது. ஜப்பானியச் சைப்ரஸ் வகைகளுக்கு நம் சமவெளி ஒத்துவராது. ஆனால் இந்தச் சீனத் துஜா வறட்சியும் சூடும் தாங்கும், சுண்ணாம்பு கலந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் மலையிலிருந்து இறங்கி நம் தெருவரைக்கும் வர முடிந்தது. இன்றைக்கு நர்சரிச் செடிகள் பலவும் கோதாவரிக் கரையோரக் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. 1953-ல் ஆந்திரத்தோடு போய், 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்த ஊர் திருத்தணி. லாரிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

ஊசியிலை மரம் இந்தப் பக்கத்துக்கு அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. திருத்தணிக்குத் தெற்கே ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்று புவியியலாளர்கள் சொல்லும் பாறை அடுக்கில், 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஊசியிலைத் தாவரங்களின் இலைத் தடங்கள் கிடைத்திருக்கின்றன. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாய்ப் படுத்திருக்கும் 18 மீட்டர் மரமும் ஊசியிலை இனம்தான். இன்று தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றே ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிரம்பலி. அதை நம்ம பக்க நர்சரி எதிலும் நான் பார்த்ததில்லை. சீனத்துச் செடி மூலைக்கு மூலை கிடைக்கிறது.

சரி, நிறம் எப்படி வருகிறது? மஞ்சள் என்பது இளந்தளிரில் பச்சையம் குறைவதால் வருவது. வெள்ளைத் திட்டு வேறு சங்கதி. ஒரே செடிக்குள் இரண்டு வகைத் திசுக்கள் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்று பச்சையம் செய்யும், மற்றது செய்யாது. இதற்குக் கைமீரா என்று பெயர். 1909-ல் எர்வின் பவுர் என்ற ஜெர்மானியர் ஜெரேனியச் செடிகளை வைத்து இதை விளக்கினார். வெள்ளைத் திசு தனக்கான சோற்றைத் தானே பொங்க முடியாது, பச்சைதான் ஊட்ட வேண்டும். அதனால் நிறக் கலப்புச் செடி எப்போதும் மெதுவாகத்தான் வளரும்.

வளர்ப்பு முறை முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகிறது. மஞ்சள் வகைக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும். வெள்ளைத் திட்டு வகை நேர்மாறு. சித்திரை, வைகாசி மேற்கு வெயிலில் வெள்ளைப் பகுதி கருகிப்போகும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம் அதற்கு நல்லது. செம்மண்ணோடு மணலும் மட்கிய எருவும் கலந்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளணும். வெயிலைவிட ஈரம் தேங்கி வேர் அழுகிச் சாகும் செடிகளே அதிகம். கோடையில் சிவப்புச் சிலந்திப்பேன் வந்தால் கிளை மங்கிப் பழுப்பாகும், காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவலாம். உள்பக்க விசிறிகள் காய்ந்து உதிர்வது இயல்பு, பயப்பட வேண்டாம். கத்தரிக்கும்போது பசுமை உள்ள பகுதியோடு நிறுத்திக்கணும். மொட்டைக் கட்டை வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது.

இன்னொன்று முக்கியம். திடீரென்று முழுப்பச்சையாக ஒரு கிளை கிளம்பும். பார்க்க செழிப்பாகத்தான் இருக்கும், வெட்ட மனசு வராது. ஆனால் அது பலசாலி. விட்டால் சில வருஷங்களில் செடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அடியோடு நறுக்கிவிடுவதுதான் வழி.

விதை போட்டால் அந்த வெள்ளைத் திட்டு அப்படியே வரும் என்று நம்ப முடியாது. போத்து வெட்டி வேர்விடச் செய்துதான் பெருக்குகிறார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு வகையும், எப்போதோ யாரோ ஒருவர் ஒற்றைக் கிளையில் நிறம் மாறியதைக் கவனித்து எடுத்துவைத்ததன் தொடர்ச்சி. அன்றிலிருந்து கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது.

தணிகை மலைக்கு இது புதுசில்லை. இந்திரன் இங்கே சுனையில் குவளை வைத்து வளர்த்தான், அது நாளைக்கு மூன்று பூ பூத்தது என்கிறது கந்தபுராணம். தேவராஜனே வந்து பார்த்துக்கொள்ள வேண்டிய செடி அது! வாசலில் நிற்கும் துஜாவும் அந்த ஜாதிதான். யாரும் கவனிக்காமல் விட்டால் மரம் சாகாது, இன்னும் நன்றாகவே வளரும். பெய்ஜிங் கோயில் முற்றத்து மரம் மாதிரி பச்சையாக. அந்த நிறம் மட்டும் இருக்காது.