மூழ்கிய கோட்டையும் மறைந்த சுரங்கமும்: ஊவாவின் இராவண நிலவரைபடம் பற்றி

இலங்கையின் ஊவா மாகாணத்து இராவணத் தலங்களைப் பற்றிய அண்மைக்கால ஆய்வுகளில் ஒரு முடிவு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. எல்லவின் இராவணா குகை, வெலிமடையின் திவுரும்பொல, மகியங்கனையின் வெரகன்தொட்ட ஆகியவையெல்லாம் 2000களின் பிற்பகுதியில் ‘இராமாயணப் பாதை’ வகுக்கப்பட்டபோது இந்தியப் பயணிகளுக்காகச் சமைக்கப்பட்டவை என்பதே அம்முடிவு. இதை நான் முற்றாக மறுக்கவில்லை. தலங்களுக்குப் பெயர்ப்பலகை நட்டதும் பேருந்து வழி அமைத்ததும் சுற்றுலாத் துறைதான். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடாது. கற்கால மனித எச்சங்கள் பற்றிய தொல்லியல் எழுத்துகளில், சுற்றுலாக் கைநூல்களுக்கு வெகுகாலம் முன்பே, எல்லவின் குகை இராவணன் பெயரோடுதான் வருகிறது. பெயர் பழையது, வரைபடம் புதியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் புதிது என்று தள்ளுவதுதான் முந்தைய ஆய்வின் குறை.

நான் முன்வைப்பது இது: ஊவா வரைபடத்தைப் பொய் என்றோ மரபு என்றோ கொள்வதைவிட, ஒரு கதையுலகை முழுதாக நம்பிய வாசகர்கள் அதன் நிலவியலை ஓட்டையின்றி அடைக்க முயன்றதன் விளைவு என்று கொள்வதே பொருந்தும். இத்தகைய முயற்சி நம் காலத்தில் மிகத் துலக்கமாகத் தெரிவது வீடியோ விளையாட்டு இரசிகர்களிடம். செல்டா தொடரின் ஹைரூல் நாடு ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு வடிவில் வரும். மலை இடம் மாறும், ஏரி இடம் மாறும். 2002இல் வந்த ‘விண்ட் வேக்கர்’ அந்நாட்டைக் கடலுக்கடியில் வைத்தது. 2017இன் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ ஆட்டத்தில் சமையலுக்குப் பயன்படும் கல்லுப்பு பழங்கடலின் உப்பு என்று ஒரு வரிக் குறிப்பு இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இது மூழ்கி மீண்ட ஹைரூல்தான் என்று இரசிகர்கள் வாதிட்டார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் வரைபடங்களை ஒத்துப்போகச் செய்ய அவ்வளவு அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை; அக்கறை முழுவதும் இரசிகர்களுடையது. சீதா எலியவின் கருமண்ணையும் உஸ்ஸன்கொடவின் செம்மண்ணையும் அனுமன் வைத்த தீயின் எச்சமாகக் காட்டும் வாதம் இதே வகையைச் சேர்ந்தது. உஸ்ஸன்கொடவின் செம்மை இரும்புச்சத்து மிகுந்த சர்ப்பந்தினிப் பாறையால் வந்தது என்று விளக்கிவிட்டால் வாதம் ஓய்ந்துவிடும் என எண்ணுவது, வாதம் எதற்காக எழுந்தது என்பதைப் பார்க்கத் தவறுவதாகும்.

இந்தச் சிந்தனை முறை இலங்கையில் எவ்வளவு பழையது என்பதற்கு, என் பார்வையில், சிங்கள வரலாற்று நூலான இராஜாவலியவின் ஒரு பத்தியே முதன்மைச் சான்று. களனி திஸ்ஸ மன்னனின் கதையில், அவன் தேரர் ஒருவரைக் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் இட்டதால் கடல் பொங்கிய இடத்தில், நூலாசிரியர் சற்று நின்று ஒரு பழைய கடல்கோளை நினைவூட்டுகிறார். துவாபர யுகத்தில் இராவணனின் கொடுமையால் அவனுடைய கோட்டையும் 25 மாளிகைகளும் 4 இலட்சம் வீதிகளும் மன்னாருக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலில் அமிழ்ந்தன என்கிறார். களனி திஸ்ஸன் காலத்து அழிவுக்கும் கணக்குச் சொல்கிறார்: மீனவர் கிராமங்கள் மட்டும் 970.

இப்பத்தியை இருவகையாகப் படித்திருக்கிறார்கள். இராவணனை வரலாற்று மன்னனாகக் கொள்வோர் இதில் ஒரு பேரழிவின் நினைவைக் காண்கிறார்கள். ஐயுறுவோர் பிற்கால மிகைக்கூற்று என்று கடந்துவிடுகிறார்கள். இரு சாராருமே மகாவம்சத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. களனி திஸ்ஸன், தேரரின் கொலை, கடற்பெருக்கு, பொற்கலத்தில் விடப்பட்ட மகள் அனைத்தும் மகாவம்சத்தில் உண்டு. இராவணன் மட்டும் இல்லை. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் இராவணன் இல்லாமலே நிறைவாக இருந்த கதைக்குள், 17ஆம், 18ஆம் நூற்றாண்டளவில் அவனுடைய நகரம் கொண்டுவந்து செருகப்பட்டிருக்கிறது. ஏன்? இராமாயணத்து இலங்கை பொன்மதில் சூழ்ந்த பெருநகரம். கண்ணெதிரே இருக்கும் இலங்கையிலோ அதன் ஒரு கல்லும் இல்லை. எங்கே போயிற்று என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். கேள்வி இல்லாமல் இப்படி ஒரு விடை பிறக்காது. மிகைக்கூற்று என்று சொல்வது தவறில்லை, ஆனால் 4 இலட்சம் வீதிகள் என்பது அலங்காரத்துக்காக எழுதிய எண் போலத் தோன்றவில்லை. காப்பியம் கேட்கும் அளவுக்கு நகரத்தைப் பெரிதாக்கி, நிலம் காட்டும் வெறுமைக்கு ஏற்ப அதைக் கடலில் இறக்கிவிடும் கணக்கு அது.

இதைவிட முக்கியமானது இடம். பாலம் கட்டிக் கடந்த படை உடனே கோட்டையைச் சந்திக்கிறது. நாட்கணக்கில் உள்நாட்டு நடை எதுவும் காப்பியத்தில் இல்லை. இராஜாவலியவின் ஆசிரியர் அந்த ஓட்டத்துக்கு உண்மையாக இருந்து, மன்னார்ப் பக்கமே நகரத்தை வைத்தார். ஊவா வரைபடமோ மன்னாரிலிருந்து எல்லவரை நேர்கோட்டில் 250 கிலோமீற்றருக்கு மேல் வானரப் படையை நடக்கவைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தை அது பேசுவதே இல்லை. புஷ்பக விமானம் வெரகன்தொட்டவில் இறங்கியதாகச் சொன்னதும் தூரம் என்ற சிக்கலே போய்விடுகிறது. விளையாட்டுகளில் ஓரிடத்தைத் தொட்டதும் இன்னோரிடம் போய்ச் சேரும் வசதியைப் போல.

ஆகவே ஊவா வரைபடம் இராஜாவலியவின் வாரிசு அல்ல, அதன் போட்டி என்பதே என் துணிபு. ஊவா பற்றிய நூலின் மௌனம் மட்டும் சான்றாகாது என்பது தெரிந்ததே. ஆனால் இங்கிருப்பது வெறும் மௌனமன்று: நூல் வேறிடத்தைப் பெயர்சொல்லிக் காட்டுகிறது.

மூழ்கடிக்க முடியாத மலைநாட்டில் மறைப்பதற்கு வேறு வழி வேண்டும். அதற்குக் கிடைத்தது சுரங்கம். இராவணா எல்ல அருவியின் பாலத்தருகே, சோளப்பொத்தியும் நிறக்கற்களும் விற்பவர்களுக்கு நடுவே, குகையிலிருந்து வெலிமடையின் ஸ்திரீபுரவுக்கும் பண்டாரவளைக்குப் பக்கத்தில் தோவ விகாரைக்கும் செல்லும் நிலத்தடி வழிகள் பற்றிக் கேட்காமலே சொல்வார்கள். எந்த வழியும் இன்று திறந்திருப்பதாக மட்டும் சொல்லமாட்டார்கள். மண் சரிந்தோ கல் விழுந்தோ எல்லாம் சில முழத்துக்கு அப்பால் அடைபட்டிருக்கும். கடல்கொண்ட நகரம் செய்த வேலையை இங்கே அடைபட்ட சுரங்கம் செய்கிறது. இதற்குக் கொஞ்சம் இயற்கை உதவியும் உண்டு: பளிங்காகிப்போன சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் இப்பகுதியில் உள்ளன, அவற்றை நீர் அரித்தால் குகை உண்டாகும்.

உண்மையான சுரங்கம் வந்தபோது நடந்தது வேறு. உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காக இம்மலைகளின் அடியில் 15 கிலோமீற்றர் அளவில் குடையப்பட்டபோது, 2014இன் இறுதியில் பாறைப் பிளவுகளிலிருந்து நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நிலத்தடியில் ஒரு பேரரசின் பாதைகளைக் கற்பித்துக்கொண்ட அதே ஊர்களுக்கு, நிலத்தடியைத் தொட்டால் மேலே என்னவாகும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இராவண ஆர்வலர்களின் எழுத்துகளில் இந்தச் சுரங்கம் போதிய இடம் பெறாதது எனக்கு வியப்பளிக்கிறது.

இவ்வரைபடத்தின் ஊற்று எது என்பதற்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இன்னொரு சான்று. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இம்மலைகளில் வாழும் மலையகத் தமிழரின் பெருங்கூத்துகள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும். இராமாயணம் அவற்றில் இல்லை. மாசியில் காமன் நடும் லயத்து முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியும் மலையில் இராவணனின் குகை இருக்கிறது. கூத்து அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சீதா எலிய அம்மன் கோயிலைக் காட்டி இதை மறுக்கலாம். 2024 மே மாதத்துக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நீர் வந்தது உண்மைதான். ஆனால் ஒரு கோயில் இருப்பது வேறு, அதைச் சுற்றி அரண்மனை, விமானத்தளம், சுரங்கம் என்று முழு நாட்டையும் வரைவது வேறு. அந்த வரைதலுக்கான உந்துதல், 1941இல் குமாரதுங்க முனிதாச தொடங்கிய ஹெல ஹவுல என்ற சிங்கள மொழி இயக்கத்தின் வழிவந்த எழுத்தாளர்களிடமே வலுவாகத் தெரிகிறது. அவர்களுக்கு இராவணன் ஆரியர் வருகைக்கு முந்திய மண்ணின் மன்னன். இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கு 2019இல் ‘ராவணா-1’ என்று பெயர் வைக்கப்படும்வரை அந்தக் கோடு நீள்கிறது.

இலங்காவதார சூத்திரம் இராவணனை மலைச் சிகரத்தில் வைக்கிறதே என்பர். 443இல் சீனத்தில் பெயர்க்கப்பட்ட மகாயான நூலின் கற்பனைச் சிகரத்தை எல்லவோடு பொருத்துவதற்கு ஆதாரம் எதுவும் தரப்படவில்லை. அதில் நேரம் செலவிடத் தேவையில்லை. தமிழ்ச் சைவ மரபு எழுப்பும் சிக்கல் இதைவிடக் கனமானது. அதன் இராவணன் திருகோணமலைக்காரன். கோணேசர் மலையில் அவன் வெட்டியதாகச் சொல்லப்படும் பாறைப் பிளவு, கன்னியாவில் தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கிய வெந்நீர்க் கிணறுகள் ஏழு. அங்கே நகரம் தேடப்படுவதில்லை, சுரங்கமும் இல்லை. ஒரு பக்தன் வந்து போன தடங்கள் மட்டும். அவனுடைய தலைநகர் எங்கே என்று அந்த மரபு ஒருபோதும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆதலால் அங்கே அடைக்க ஓட்டையும் இருக்கவில்லை, வரையப் படமும் தேவைப்படவில்லை.