கனிக்கு ஒரு நூற்சட்டை



ஜூபிலி மலருக்குப் பங்குக்குரு எழுதும் கட்டுரை கோவிலின் அடிக்கல்லைப் பற்றியோ மணிக்கூண்டைப் பற்றியோ இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை மற்றவர்கள் இம்மலரில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேல்நாடுகளில் பள்ளிக்கும் வேலைக்கும் எடுத்துச் செல்லும் ஆப்பிள், பேரிக்காய் முதலிய பழங்கள் பைக்குள் அடிபடாதிருக்கக் கொக்கி ஊசியால் சிறு உறை பின்னி, வாயில் ஒரு பொத்தான் வைத்து, பழத்தை அதற்குள் இட்டு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. நம் பங்கின் மாதர் சங்கத்தார் ஜூபிலி விற்பனைக்காக அத்தகைய உறைகளைப் பின்னத் தொடங்கியபோது, "இதென்ன சாமி, பழத்துக்குச் சட்டையா?" என்று சிலர் சிரித்தார்கள். சிரிப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஊசியும் நூலும் நம் கைக்கு வந்த வழியில் பஞ்சமும் அடிமைத்தனமும் கன்னியர் மடங்களும் குறுக்கிடுகின்றன. அதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பழத்தின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் ஒன்று கீழே விழுந்தால், தோல் கிழியாவிட்டாலும் அடிபட்ட இடம் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடுகிறது. உள்ளே நுண்ணறைகள் உடைந்து, அவற்றிலுள்ள நொதிப்பொருள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. எனவேதான் பழக்கடைக்காரர் வெளிநாட்டு ஆப்பிளை வெள்ளை நுரைவலைக்குள் வைத்து விற்கிறார். அந்த வலை ஒரு நாளைக்குப் பின் குப்பைக்குப் போகிறது. நூலால் பின்னிய உறையோ அழுக்கானால் துவைத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நம் பாட்டிமார் பால் குவளைக்கு மேல் போட்டு வைத்த, ஓரமெல்லாம் கண்ணாடி மணி தொங்கும் வட்ட மூடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஈ மொய்க்காமலும், காற்றில் பறக்காமலும் காத்தது அது. நற்கருணைப் பாத்திரத்தின் மேல் போர்த்தும் வெண்திரையின் ஓரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கும் இதே கொக்கிப் பின்னலைக் காணலாம்.

நூலுக்கும் கனிக்கும் உள்ள உறவு வேத ஆகமத்திலேயே இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் தலைமைக் குருவின் மேலங்கியைப் பற்றிய கட்டளை வருகிறது. அதன் கீழ் விளிம்பில் பல நிற நூலால் மாதுளம்பழங்களைச் செய்து, அவற்றின் இடையிடையே பொன்மணிகளைத் தொங்கவிட வேண்டுமாம். அங்கே நூலே கனியாயிற்று. இங்கே நூல் கனிக்குச் சட்டையாகிறது.

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்று பொருள். கைப்பின்னல் வகைகள் பலவும் பழமையானவையாயினும், இப்போது நாம் அறிந்த கொக்கிப் பின்னல் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாகக் காணப்படுகிறது. 1820களில் ஹாலந்து நாட்டில் வெளிவந்த பெனலோப் என்ற பெண்கள் பத்திரிகையில் இதற்கான மாதிரிகள் அச்சாயின. மெல்லிய பருத்தி நூல் மலிவாகக் கிடைத்ததும் இக்கலைக்கு உதவியது. 1812இல் ஸ்காத்லாந்தின் பெய்ஸ்லி நகரில் கிளார்க் குடும்பத்தார் பருத்தித் தையல்நூல் ஆலை தொடங்கினார்கள். நெப்போலியன் காலத்துப் போர்களால் பட்டு வருவது தடைப்பட்டிருந்த நேரம் அது. அதே பெய்ஸ்லியின் கோட்ஸ் நிறுவனந்தான் பிற்காலத்தில், 1974இல், நம் மதுரை மில்ஸுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று என்பதை நூற்கண்டு வாங்கும் நம் பெண்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

செல்வர் வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காக இருந்த இந்த வேலை ஏழையின் சோறாக மாறியது அயர்லாந்தில். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1845ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர் அதற்குக் காரணம் என்பதைப் பின்னாளில் கண்டறிந்தார்கள். நேற்றுப் பச்சையாக நின்ற வயல் இன்று கருகி நாறியது. நமக்கு நெல் எப்படியோ, அவர்களுக்குக் கிழங்கு அப்படி. ஏழைகள் ஏறக்குறைய அதை மட்டுமே உண்டு வாழ்ந்தார்கள். 1846இல் மீண்டும் பயிர் அழிந்தது. 1847ஐ அம்மக்கள் கறுப்பு ஆண்டு என்று அழைத்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். 1841 மக்கட்கணக்கில் 81 லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் 1851 கணக்கில் 65 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். பட்டினியால் சாகிறவர்களின் கண்ணெதிரே தானியம் ஏற்றிய கப்பல்கள் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தன என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

இந்நிலையில் கன்னியர் மடங்கள் என்ன செய்தன? கஞ்சித்தொட்டி வைத்தன, நோயாளிகளைப் பார்த்தன. அத்தோடு பெண்பிள்ளைகளின் கையில் கொக்கி ஊசியைக் கொடுத்தன. கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் இருந்த உர்சுலைன் கன்னியரின் பள்ளி இவ்வேலையைக் கற்பித்த முதல் இடங்களுள் ஒன்று. ஊசியால் தைக்கும் வெனிஸ் நகரத்து ரேந்தை உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஒரு சாண் துண்டுக்கே பல மாதங்கள் பிடிக்கும். அதன் அழகைக் கொக்கி ஊசியால் வேகமாகக் கொண்டுவர முடியும் என்று கண்டதே அயர்லாந்துப் பின்னலின் பிறப்பு. முதலீடு என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. மரக்கைப்பிடியில் செருகி முனையை வளைத்த ஒரு கம்பியும் ஒரு நூலுருண்டையும் போதும். புகையடைந்த குடிசையில், மண்தரையில் அமர்ந்து பின்னிய துண்டுகள் கறுத்துப் போயிருக்கும். விற்பனைக்கு அனுப்பும் முன் வெளுத்துக் கஞ்சிபோட்டு எடுப்பார்கள்.

வேலை பிரித்துச் செய்யப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. ரோஜா ஒருத்தி பின்னுவாள். மூவிலை ஒருத்தி, திராட்சைக்குலை ஒருத்தி. இவற்றையெல்லாம் ஒரு துணியின் மேல் குண்டூசியால் பொருத்தி, இடைவெளிகளை வலைப்பின்னலால் இணைப்பவள் இன்னொருத்தி. சில குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு பூவை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாருக்கும் காட்டாமல் பின்னினவாம்! பசியிலும் தொழில் ரகசியம் விடவில்லை.

மோனகன் மாவட்டத்துக் க்ளோனெஸ் ஊரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே இவ்வேலையைக் கொண்டுவந்தவர் கத்தோலிக்கர் அல்லர். 1847இல் அவ்வூருக்கு வந்த ஆங்கிலிக்கன் குருவானவரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார். கில்டேரில் இத்தொழிலை நடத்திவந்த ஒரு பெருமாட்டியிடமிருந்து ஆசிரியை ஒருவரை வரவழைத்து, ஊர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். சில ஆண்டுகளுக்குள் சுற்றுவட்டாரத்தில் சுமார் 1500 பேர் அதில் ஈடுபட்டிருந்தார்கள். கற்றவர்களில் கத்தோலிக்கப் பெண்கள் ஏராளம். பிரிந்த சகோதரர்கள் என்று நாம் பின்னால் சொல்லக் கற்றுக்கொண்டவர்களோடு அவ்வூர்ப் பெண்கள் ஒரே நூலைப் பிடித்திருந்தார்கள். க்ளோனெஸ் முடிச்சு என்று ஒரு சிறு உருண்டை முடிச்சு இன்றும் அவ்வூர்ப் பெயரால் வழங்குகிறது.

யோல் நகரத்துக் காணிக்கை அன்னை கன்னியர் கொக்கியை எடுக்கவில்லை. அம்மடத்து மேரி ஆன் ஸ்மித் என்ற கன்னியர் பழைய இத்தாலிய ரேந்தைத் துண்டொன்றை இழை இழையாகப் பிரித்துப் பார்த்து அதன் நுட்பத்தைத் தாமே கற்று, ஊசி ரேந்தை செய்யப் பெண்களைப் பழக்கினார். நானோ நேகிள் அன்னை 1775இல் கார்க் நகரில் தொடங்கிய சபை இது. இதே சபைக் கன்னியர் பஞ்சத்துக்குச் சற்று முன்னரே, 1842இல், சென்னை ஜார்ஜ் டவுனுக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள் என்பதை நம்மவர்கள் பெருமையோடு நினைவுகூரலாம்.

பஞ்சம் ஓய்ந்த பின்பும் பின்னல் ஓயவில்லை. நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ், நியூயார்க் நகரச் சீமாட்டிகள் அயர்லாந்துப் பின்னலுக்கு ஆசைப்பட்டார்கள். 1914இல் மூண்ட உலகப்போரோடு அந்த நாகரிகமும் மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை. ஊசிப் பின்னலுக்கு இயந்திரம் வந்துவிட்டது. உண்மையான கொக்கிப் பின்னலை அப்படியே செய்யும் இயந்திரம் கடைகளுக்கு வரவில்லை. கடையில் இருபது ரூபாய்க்கு விற்றாலும் அதை யாரோ ஒரு பெண் கையால்தான் பின்னியிருக்க வேண்டும். இதை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டுக்கு வருவோம். ரேந்தை என்ற சொல்லே போர்த்துகீசியரின் ரெண்டாவிலிருந்து வந்தது. சாவி, அலமாரி, ஜன்னல், மேசை ஆகியவற்றோடு கப்பலில் வந்த சொல் அது. அம்மொழியில் ரெண்டா என்பதற்கு வருமானம் என்றும் பொருளுண்டு. யாரும் திட்டமிட்டு அமைக்காத பொருத்தம்!

நாகர்கோவிலில் 1819 இறுதியில் வந்து சேர்ந்த லண்டன் மிஷன் ஊழியர் மால்ட் ஐயரின் துணைவி மார்த்தா மால்ட் அம்மையார், 1820களில் தம் பள்ளிச் சிறுமிகளுக்குத் திண்டு வைத்துக் கட்டை உருட்டிப் பின்னும் ரேந்தையைக் கற்றுக்கொடுத்தார். அச்சிறுமிகளில் அடிமைகளாய்ப் பிறந்தவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி முற்றிலும் ஒழியவில்லை. ரேந்தை விற்ற கூலியைச் சேர்த்து, உடையவனிடம் விலை கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கே உண்டு. நூலை விற்றுத் தன்னையே மீட்டாள் என்றால், அந்த ரேந்தைக்கு என்ன விலை சொல்வது?

நம்மவர் பங்குக்கு முளகுமூடு. பெல்ஜியம் நாட்டு ஈப்பர் மடத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்தர் அன்னை, நவகன்னி ஒருவர் மட்டும் துணைவர, 1897 நவம்பர் 7ஆம் நாள் அங்கு வந்து இறங்கினார். அநாதைச் சிறுமிகளைப் பேணுவதே அவர்களுக்குக் கிடைத்த முதற்பணி. பெல்ஜியம் ரேந்தைக்குப் பேர்போன நாடு. அங்கிருந்து வந்த கன்னியரின் அரவணைப்பில் வளர்ந்த பெண்கள் ரேந்தையும் பூத்தையலும் கற்று, அதைக்கொண்டு தங்கள் கல்யாணச் செலவையும் குடும்பத்தையும் தாங்கிக்கொண்டார்கள். அச்சபையே மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபை என்று இன்று பல நாடுகளில் பணியாற்றுகிறது. நம் பழைய பீடத்துகில்களையும் குருக்களின் வெள்ளை மேலங்கியையும் அலங்கரித்த ரேந்தைகளைப் பின்னிய கைகளுக்குப் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருவுடைகள் எளிமையாயின, அது நல்லதே. ஆயினும் அதனால் வேலை குறைந்த கைகளும் உண்டென்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கொக்கிப் பின்னலுக்கு இந்தியாவில் பேர்பெற்றது ஆந்திரத்தின் நர்சாபூர். கோதாவரிக் கரையில் மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்தது அங்கே பெருந்தொழிலாயிற்று. ஜெர்மன் சமூகவியலார் மரியா மீஸ் அங்கே சென்று ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டுவேலைக்கு மேல் நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்ணுக்குக் கிடைத்தது, வயலில் கூலிக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டம் விதித்த கூலியைவிட மிகக் குறைவு. லாபம் வியாபாரிக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் போயிற்று. ஏன் என்றால், "இது வீட்டிலிருக்கும் பெண் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே" என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள்.

சும்மா இருக்கும் நேரமாம்! அடுப்புக்கும் தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நடுவே அப்படி ஒரு நேரம் எந்த வீட்டில் இருக்கிறது? எனவேதான் நம் விற்பனைக்கூடத்தில் ஒவ்வோர் உறையிலும் ஒரு சீட்டுக் கட்டி, அதை முடிக்க ஆன மணி நேரத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். "கோவிலுக்குத்தானே, குறைத்துக் கொடுங்கள்" என்று பேரம் பேசுகிறவர்கள் முதலில் அந்தச் சீட்டைப் படிக்கட்டும். நூலின் விலையும் பின்னியவரின் கூலியும் அவரவர் கையில் சேர்ந்த பிறகு மிஞ்சுவதே ஜூபிலி நிதிக்கு என்று பங்குப்பேரவையிலும் பேசி முடித்தாயிற்று.

தாங்களும் பின்னிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு முறையைச் சொல்கிறேன். சங்கத்துப் பெண்கள் சொல்லக் கேட்டு எழுதியது. நூலை வளையமாக்கி அதில் 6 கண் போடவும். அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். ஆப்பிளின் அடிப்பாகத்தைவிடச் சற்று அகலமானதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கையில் பின்னிக்கொண்டே போனால் ஓரம் எழுந்து கிண்ணமாகும். பழத்தின் இடுப்பைத் தாண்டியதும் திருப்பித் திருப்பிப் பின்னி ஒரு பக்கம் திறப்பு விட வேண்டும். பிறகு கண்களைக் குறைத்துக்கொண்டு வந்து, காம்பருகே ஒரு வளையமும் எதிரே ஒரு பொத்தானும் வைத்தால் முடிந்தது. கம்பளி நூலைவிடப் பருத்தி நூலே நம் வெயிலுக்கு ஏற்றது. துவைத்த உறையை நன்றாகக் காயவைத்த பிறகே பழத்தை இடுங்கள். ஈரம் இருந்தால் அடிபடாத பழமும் அழுகிவிடும்.