மாட்டுக் குடல் ஆர்கனாய்டு

மாட்டின் குடற்சுவரிலுள்ள குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத முப்பரிமாணத் திசு. குடற்சுவரின் நுண்குழிகளைப் பிரித்தெடுத்து, புரதக் கூழில் பதித்து, வளர்ச்சிக் காரணிகள் கலந்த ஊடகத்தில் வைத்தால், சில நாட்களில் உள்ளே வெற்றிடமுள்ள உருண்டைகள் உருவாகின்றன. சத்தை உறிஞ்சும் செல்கள், சளி சுரக்கும் செல்கள் எனக் குடலின் பலவகைச் செல்கள் அவற்றில் தோன்றும்.

நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகம் 2009இல் எலிக் குடலில் இதைச் சாதித்தது. மாட்டுக் குடலுக்கான செய்முறையை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர்.

இதன் பயன்களில் ஒன்று, மாடுகளைத் தாக்கும் ஜோன்ஸ் நோய் பற்றிய ஆய்வு. தீராத கழிச்சலால் மாட்டை உருக்கும் இந்நோய்க்குக் குணமளிக்கும் மருந்து இல்லை. கன்றுப் பருவத்தில் தொற்றும் கிருமி ஆண்டுக்கணக்கில் அறிகுறி காட்டாது. ஆகவே உயிருள்ள மாட்டில் அதன் தொடக்கத்தைக் கவனிப்பது கடினம். ஆர்கனாய்டில் கிருமி செல்லுக்குள் நுழையும் கட்டத்தையே பார்க்கலாம். சோதனைக்காக வதைபடும் கன்றுகளின் எண்ணிக்கையும் குறையும். இது சிறிய நன்மையல்ல.

ஒரு சிக்கல் உண்டு. உணவைத் தொடும் பரப்பு உருண்டையின் உட்புறம் அமைவதால், கிருமியை நுண்ணூசியால் செலுத்த வேண்டும். அல்லது திசுவை ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பும் முறையும் உள்ளது. மேலும், இரத்தக் குழாய்களும் நோயெதிர்ப்புச் செல்களும் ஆர்கனாய்டில் இல்லை.